ஏரோது வேடத்துக்கு ஆள் தேவை

டிசம்பர் 9, 1768

கோட்டையில் எழுத்து வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் வரிசை போடாமல் எனக்கு யோசிக்க வரவில்லை. ராஜாக்கள் திருநாள் கூத்து பற்றி எழுத வேண்டியவை:

1. அங்கமுத்துவை ஏரோது வேடத்திலிருந்து ஏன் விடுவிக்க வேண்டும்.
2. கொடுங்கோலன் என்றால் முதலில் குரல். மற்றதெல்லாம் பிறகு.
3. அடுத்த ஏரோது யார்? ஒப்பீடு.
4. இதில் நான் தலையிடலாமா? (வேண்டாம் என்றே தோன்றுகிறது.)

முதலாவது. குழந்தை ஏசுவைத் தேடிவந்த மூன்று ராஜாக்களும் வழி கேட்டது ராஜா ஏரோதிடம். ஏசு பிறந்த ஊரில் பச்சைப்பிள்ளைகளையெல்லாம் வெட்டச் சொன்னவன் அவன். கூத்தில் அந்தக் கிரீடத்தை வைத்தவன், அது வேறொரு தலைக்குப் போகும்வரை கைக்குழந்தையைத் தொடக் கூடாது. இது எங்கள் மாதா கோயில் தெருவின் கட்டுப்பாடு. தங்கள் தலையில் வைக்கப் பயந்து, கோட்டைக்குப்பத்திலிருந்து அங்கமுத்துவைக் கூட்டிவந்தார்கள். வேறு சாமி கும்பிடுகிறவனை இந்தப் பாவம் ஒட்டாதாம். பாவம் ஒட்டாதவனுக்குக் கட்டுப்பாடு மட்டும் எப்படி ஒட்டியது? நான் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

பன்னிரண்டு வருஷமாகக் கிரீடம் அவன் தலையில். இப்போது மகள் லோகநாயகிக்குத் தலைப்பிரசவம். சம்பந்தி எல்லம்மா அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறாள். "புள்ளைங்கள வெட்டச் சொன்னவன் ஊட்டுக்கு எம் மருமவள எப்டி அனுப்புவேன்?" என்றாளாம்.

இன்று அங்கமுத்து என் முன்னால் வந்து நின்றான். "அய்யா, கூத்துக்கு வாத்தியாரு நீங்க. வேற தலையா பாருங்கய்யா. எம்மாம் புள்ளைங்கள வெட்டிட்டேன், போதும்."

பார்க்கிறேன் என்றேன். பார்ப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

டிசம்பர் 13

மழை.

டிசம்பர் 15

முதல் ஆள் நீலமேகம். ஏரியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப் படகைக் கூப்பிடுகிறவன். குரலுக்குக் குறைவில்லை. முதல் வரியில் மரத்திலிருந்த கொக்குகள் எழுந்தன. இரண்டாம் வரியில் இருமல். மூன்றாம் வரியை ஏரோது சைகையில் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவாக..." என்றேன்.

"இன்னா அய்யா நீங்க, ராசான்னா கத்தாம பின்ன?"

என் இரண்டாவது கருத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் அவன் வாளைப் பிடுங்கி விளையாடினார்கள். இவனா அவர்களை வெட்டப்போகிறவன்? அங்கமுத்து உறுமினால் கோட்டை மதில் வரை போகும்.

டிசம்பர் 20

திருப்பாலைவனத்து தசரதன். பாரதக் கூத்தில் பீமன் வேடம் கட்டியவன். ஆகவே எங்கள் ஏரோதும் பீமனாகத்தான் இருக்கிறார். தொடையைத் தட்டுகிறார், மீசையை முறுக்குகிறார், ஒவ்வொரு வரிக்கும் கிறுகிறுவென்று ஒரு சுற்று. "வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் சுற்றிய சுற்றுக்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்திருப்பார்கள். ஆனாலும் மூச்சு வாங்கவில்லை. இவன்தான் என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 22

முடிவு நிற்கவில்லை. தசரதன் மனைவி மணியம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "அந்தக் கிரீடத்த எம் புருசன் தலைல வச்சீங்க, அதயும் உங்க கூத்து ஏட்டையும் ஏரில கடாசிடுவேன்." தசரதன் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பீமன் குழந்தைக்கு வாய் துடைத்துவிட்டார்.

ஜனவரி 2

நீலமேகத்துக்குத் தொண்டை முழுதும் கட்டிவிட்டது. கோயில் பெரியவர்களிடம் ஏரோது இல்லாமல் ஆடலாமா என்று கேட்டேன். (கேட்டேனே!) "அப்ப மூணு ராசாவும் யாராண்ட வழி கேப்பாங்க? நண்டு புடிக்கிறவன்கிட்டயா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் என் வழக்கம்.

ஜனவரி 5

அங்கமுத்து வந்து கை நீட்டினான். "குடுங்கய்யா. வேற வழி இல்ல. பேரப்புள்ள எங்கனா நல்லா இருந்தா செரி."

நெட்டித் தக்கைக் கிரீடம் என் மடியில் இருந்தது. கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. "இருக்கட்டும்" என்று சொல்லி என் தலையில் வைத்துக்கொண்டேன். ஏன் செய்தேன்? அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். என் காலைத் தொட்டான்.

நாளை என்ன செய்யப்போகிறேன்! எழுத்தே கோணலாகப் போகிறது.

ஜனவரி 7

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திரையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். வெளியே ஒரே சிரிப்பு. "கெயவன் ராசாவாம்டா!" திரை விலகியது. கத்தத்தான் நினைத்தேன். குரல் எழவில்லை. ஏட்டைக் கையில் பிடித்து, கோட்டையில் சுங்க உத்தரவு வாசிப்பது போல வாசித்தேன். "இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் அனைவரும். தெருவாரியாக. எவரும் விடுபடலாகாது." நிமிரவில்லை. நிமிர்ந்தால் பயந்திருப்பேன்.

சிரிப்பு நின்றிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

'தெருவாரியாக' என்பது ஏட்டில் இல்லை. கோட்டைப் பழக்கத்தில் வந்துவிட்டது.

அங்கமுத்து கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "இத்தினி வருசம் கத்துனேன், ஒருத்தியும் எய்ந்து போனதில்லய்யா."

ஜனவரி 10

லோகநாயகி தாய்வீடு வந்துவிட்டாள். எல்லம்மாவே கொண்டுவந்து விட்டாளாம்.

பிப்ரவரி 11

பெண் குழந்தை. பார்க்க கோட்டைக்குப்பம் போனேன். வாசலில் எல்லம்மா.

"அய்யா, அங்கியே நில்லுங்க. கிரீடம் இப்ப உங்க தலைல."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஏரோதின் உத்தரவு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தானே, இது பெண்ணாயிற்றே என்று சொல்லிப் பார்த்தேன்.

"சட்டம் பேசறத பாரு ஏரோது!" என்றாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கமுத்து பேத்தியை இரண்டு கையிலும் ஏந்தி வாசல்வரை வந்தான். இறுக்கிப் பிடிக்கவும் பயம், தளர்த்தவும் பயம். "அங்கேர்ந்தே பாருங்கய்யா. மூக்கு யார மாதிரி?" அவ்வளவு தூரத்தில் எனக்கு மூக்கு தெரியவில்லை. உன்னை மாதிரி என்றேன். அழுதுவிட்டான்.

வரும் வழியில் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்து! வீட்டுக்கு வந்து முதல் நாள் குறிப்பை எடுத்தேன். இரண்டாவது கருத்து தவறு. கொடுங்கோலனுக்குக் குரல் வேண்டியதில்லை. தலை நிமிராமல் வாசிக்கத் தெரிந்தால் போதும்.