லோடு ஏத்தாத பிக்கப்

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2025

வாணி அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா? போன்ல கேட்டா சண்டையாகிடும், அதான் இமெயில்.

மலரோட பிக்கப் வண்டிய விக்கலாம்னு நேத்து சுங்கை வே பக்கம் வண்டி வாங்கி விக்கிற ஆள்கிட்ட காட்டினேன். வாங்கும்போதே நான் கணக்குப் போட்டவன். டயர், டீசல், சர்வீஸ் எல்லாம் காரைவிட ஜாஸ்திதான்; ஆனா லோடு ஏத்தாம வச்சிருந்தா விக்கும்போது அந்தக் காசு திரும்பி வந்துடும். நாங்க ஒரு மூட்டை அரிசிக்கு மேல ஏத்தினதில்ல. அந்த ஆள் அடியில குனிஞ்சு பார்த்துட்டு சிரிக்கிறான். "பாஸ், பாரம் தாங்குற ஸ்ப்ரிங் பட்டை எல்லாம் படுத்துடுச்சு லா. இது வீட்டு வண்டி இல்ல, வேலை செஞ்ச வண்டி." பாதி விலைதான் சொல்றான்.

நானும் எஞ்சினியர்தான். குனிஞ்சு பார்த்தேன். அவன் சொல்றது சரி.

சனிக்கிழமையானா கிள்ளான்ல யோகா வகுப்புன்னுதான் மலர் வண்டிய எடுத்துட்டுப் போவா. யோகா பண்ணா ஸ்ப்ரிங் படுக்காது. காரியம் முடிஞ்ச அன்னைக்கே நீங்க "வண்டிய மட்டும் வித்துடாதே"ன்னீங்க. ஏன்? வண்டிய யாரு ஓட்டினா? அவ எங்க போனா? அவ செத்து நாலு மாசம் ஆச்சு. எனக்கு அழுகை வரல, இந்தக் கேள்விதான் வருது.

கௌசிகன்

ஜெஞ்சாரோம்
5 மார்ச்

கௌசி,

ரெண்டு தடவ படிச்சேன். செத்துப்போன பொண்டாட்டிய "எங்க போனா"ன்னு அவ அக்காகிட்டயே கேட்கிறியே. நல்லா இருக்குப்பா.

இங்கதான் வந்தா. எங்க வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு படுத்ததிலேர்ந்து எங்க தோட்டத்துச் செம்பனைக் குலைய எண்ணெய் மில்லுக்கு எடுத்துட்டுப் போக ஆளில்ல. லோரிக்காரன் கேட்ட வாடகைக்குப் பழம் வித்த காசே பத்தல. நான் வெட்டிப் போடுவேன், மலர் வண்டியில ஏத்துவா. "இதுவும் யோகாதான்க்கா"ன்னு சிரிப்பா.

ஏன் உன்கிட்ட சொல்லலைன்னு யோசிக்கிறியா? எங்க சமையல்கட்டுப் பழைய ஐஸ்பெட்டிய ஏத்தச் சொன்ன அன்னைக்கு, அடியில மெத்தைய விரிச்சு, ஒரு கீறலுக்கு எவ்வளவு விலை குறையும்னு எங்களுக்குப் பாடம் எடுத்தியே. அப்ப அவ முகத்த நீ பார்க்கல. நான் பார்த்தேன்.

வித்துக்கோ. இனி கேட்க மாட்டேன்.

வாணி

பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச்

அக்கா,

நீங்க சொன்னத நான் நம்பல. அதான் உண்மை. வேலை விட்டு வந்து வண்டிக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் விரிப்ப கழட்டிப் பார்த்தேன். மூலையில செம்பனைப் பழம் காஞ்சு கிடக்கு. சீட்டுக்கு அடியில ஒரு ஜோடி கையுறை. எண்ணெய் ஏறி விறைச்சு, எதையோ பிடிச்சிருக்கிற மாதிரியே மடங்கியிருக்கு. யோகாவுக்கு எதுக்கு கையுறைன்னு கேட்க ஆளில்ல.

எவ்வளவு நேரம் அங்க உட்கார்ந்திருந்தேன்னு தெரியல. கேட்டுல நிக்கிற கார்ட் வந்து "ஓகேயா பாஸ்?"னு கேட்டப்பதான் அழுறேன்னு தெரிஞ்சது.

விக்கல. கனமான ஸ்ப்ரிங் பட்டை மாட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு ரெடி. இனி எவனும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டான்.

சனிக்கிழமை நான் வரட்டுமா?

கௌசிகன்

ஜெஞ்சாரோம்
7 மார்ச்

கௌசி,

வா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வா, அவ அப்படித்தான் வருவா. நீ எழுதின முதல் லெட்டர நான் மறக்கல. குலை தூக்கிகிட்டே திட்டு வாங்கிக்கோ.

அவ கையுறை உனக்குப் பத்தாது, புதுசு வாங்கிட்டு வா.

அவளோடத துவைச்சிடாதே.

அக்கா