குத்தம் யார் மேல், அக்கா?

என் சண்டைக்கார அக்காவுக்கு,

அங்கே சண்டை போட ஆள் கிடைத்ததா? இங்கே எனக்கு அந்தக் குறை இருக்கிறது. பண்ணையில் கோழிகள் சுகம். முட்டை விலைதான் வழக்கம்போல ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நீ இருந்தால், "கோழிக்காரனுக்கு வேற பேச்சே கெடையாதா?" என்பாய்.

இருக்கிறது. போன பங்குனியில் நம் வீட்டுக்கு ஆத்தா வந்தாள்.

என் மகன் சரவணனுக்கு உடம்பெல்லாம் அம்மை. அம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள், தாளிப்பை நிறுத்தினாள், வீட்டில் இருப்பவர்கள் யாரும் படி தாண்டக் கூடாது என்றாள். மல்லசமுத்திரம் பக்கம் இப்படி வேப்பிலை கட்டிய வாசல்களில்தானே உன் சுகாதார ஆராய்ச்சியே நடந்தது? இதற்கெல்லாமா டாக்டர் பட்டம் தருவார்கள் என்று நான் சிரித்தபோது நீ விடவில்லை. "ஏண்டா, பக்கத்துப் பண்ணையில சீக்குன்னா உன்ற பண்ணைக்குள்ள ஒருத்தரை உடுவியா? நானே வந்தாலும் மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு வான்னுதானே சொல்ற? அவங்களும் அதையேதான் பண்றாங்க."

ஆனால் சரவணன் மனைவி கோகிலா ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு அதுவரை அம்மை வந்ததே இல்லை. வயிற்றுக் குழந்தையை நினைத்துப் பயந்து டாக்டருக்குப் போன் போட்டேன். அவர், "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மாவோ, "ஆத்தா இருக்கறப்ப அவ படி தாண்டுனா குத்தமாயிரும் சாமி" என்று வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

உன் ஆராய்ச்சியின் முடிவு எனக்குத் தெரியும். காது புளிக்கச் சொல்லியிருக்கிறாயே. சனங்களுக்கு மருந்தின் மேல் கோபம் கிடையாது, ஏதாவது ஆகிவிட்டால் பழியை யார் சுமப்பது என்ற பயம்தான் என்பாய். அதனால் அந்த வாசல்களில் நின்று நீயே சொல்வாய்: "குத்தம் எம்மேல இருக்கட்டுமுங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போங்க." கிளம்பிவிடுவார்கள்.

அதையே சொல்ல நானும் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "சொல்லாத சாமி. ஊரு குத்தத்தையெல்லாம் உன்ற அக்கா இப்படித்தான் தலையில வாங்கிக்கிட்டு, பாதி வயசுல போய்ச் சேந்தா. உன்னையும் குடுக்க மாட்டேன்."

அக்கா, உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய் என்று எனக்குத் தெரியாதா? ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தவன் நான்தானே? ஆனாலும் அம்மாவின் கையை உதறிவிட்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதானா அம்மா இத்தனை காலமும் உன் படத்துக்குப் பூப் போட்டாள்? அவள் இப்படி நினைப்பாள் என்று உனக்குத் தோன்றியதுண்டா?

கோகிலா சத்தம் போடவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா எழுந்துபோய், மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சரவணன் தலைமாட்டில் வைத்தாள். "தாயே, இவ படி தாண்டறா. குத்தமிருந்தா என்ற மேல வெச்சுக்க. என்ற மவ ஒண்டியாச் சுமந்தது போதும்." என் பக்கம் திரும்பி, "என்னத்தப் பாக்கற? வண்டிய எடு" என்றாள்.

டாக்டர் கோகிலாவைத் தனி அறையில் வைத்துப் பார்த்தார், ஊசி போட்டார். அவளுக்கு அம்மை வரவில்லை. சரவணனுக்கும் அம்மை இறங்கி, வேப்பிலை போட்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஆத்தாவை மனம் குளிர அனுப்பிவைத்தோம். இப்போது வீட்டில் ஒரு பெண் குழந்தை. உன்னைப் போலவே ஓயாத வாய்.

நேற்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். குழந்தை காய்ச்சலில் கண் திறக்கவில்லையாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எல்லாருக்கும் பயமாம். நான் செருப்பை மாட்டினேன். நீ சொன்னதைச் சொல்லத்தான் போகிறேன் என்று அம்மாவுக்குப் புரியாதா? தடுப்பாள் என்று நினைத்தேன்.

"இரு, நானும் வாரேன்" என்றாள்.

இனி இந்த ஊரில் எந்த வாசலில் வேப்பிலை கட்டினாலும், அந்த வார்த்தையைச் சொல்ல நாங்கள் இரண்டு பேர் போய் நிற்போம். நீ பாரத்தை இறக்கி வை அக்கா.

உன் கோழிக்காரத் தம்பி