ஓரம் மங்காத லென்ஸ்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டர், வீட்டில் நாம் எடுத்த படச்சுருள்களோடு வந்து சேர்ந்தது. அதன் லென்ஸ் நம் வீட்டு ஹாலுக்காக வாங்கியது. இந்த வாடகை அறையில் படம் தோள்துண்டு அகலத்துக்குத்தான் விழுகிறது.

வேறு லென்ஸ் கேட்டுப் போனேன். கடைக்காரர், "ரூம் எவ்ளோ நீளம் சார்?" என்றார்.

"கால நீட்டினா கதவு இடிக்கும்."

"அப்ப இந்த லென்ஸப் போடுங்க, செவுரு முழுக்கப் படம் வரும். ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கும்."

போட்டுப் பார்த்தேன். சுவர் நிறையப் பிள்ளைகள். கேமராவைக் கண்டாலே ஓரத்துக்கு நழுவுகிறவள் நீ; எல்லாச் சுருளிலும் மங்கலாகத்தான் நின்றாய்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய லென்ஸே போதும். படம் சின்னதுதான், இரண்டு பேர் பார்ப்பதென்றால் ஒட்டித்தான் உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. சும்மா, தகவலுக்குச் சொன்னேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா