கண் படக்கூடாதென்று சொன்னது

செவ்வாய், இரவு.

மாலினி பதினொன்றாம் வகுப்புக்கான படிவத்தில் கணக்கை எடுக்கவில்லை. ஆபீஸிலிருந்து டாக்குரியா வீட்டுக்கு வந்து சேரவே தெம்பில்லை; படிவத்தைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"கணக்குலதானேடி நல்ல மார்க் வாங்கியிருக்க?"

"அது ஏதோ லக்கும்மா. எனக்குக் கணக்கு வராது. நீதானே எல்லார்கிட்டயும் சொல்ற?"

சொன்னேன்தான். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன்; அவர் இவளுடைய மார்க்கைக் கேட்கும்போதெல்லாம், "சுமார்தான், கணக்கு மண்டையில் ஏறுவதில்லை" என்று என் அரைகுறை வங்காளத்தில் சொல்லிவைப்பேன். பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்ற பயம். பௌதி போனதும் உப்பு, மிளகாய் சுற்றிப் போடுவேன். இவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கண்ணு படக்கூடாதுன்னு சும்மா சொன்னதுடி."

"நாலு வருஷமாவா?"

சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

படிவத்தை நாளை கொடுக்க வேண்டும். அதற்குள் பௌதியைக் கூப்பிட்டு, இவள் காதுபட, "என் பெண் கணக்கில் கெட்டிக்காரி" என்று சொல்லிவிடலாமா? வங்காளத்தில் அதை எப்படிச் சொல்வதென்று அரைமணி நேரமாக யோசிக்கிறேன். வார்த்தை வரவில்லை. தமிழிலும் அவளிடம் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.