தடுப்புச்சுவரில் இல்லாத ஓட்டைகள்

செவ்வாய், இரவு.

கட்டட வரைபட வகுப்புக்காக, விடுதிக்குப் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரை இன்று வரைந்தேன். கருங்கல், சிமென்ட் பூச்சு, புதுப் பெயின்ட். மண்ணில் ஊறும் தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட இல்லை. சுவர் வேலை பார்த்த மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஆய்வுக்கு வர்றாங்கன்னு அடைக்கச் சொல்லிட்டாங்க கண்ணு. பாசி வழிஞ்சு அசிங்கமா இருக்குதாம்."

வகுப்பு சாரிடம் சொன்னேன். "படத்துல ஓட்டையப் போட்டுரும்மா, இல்லாட்டி மார்க் போயிரும்" என்றார். எரிச்சலோடு போட்டேன், வரிசையாக, அழகாக.

குன்னூரில் மதியம் பிடித்த மழை இப்போதுதான் விட்டது. ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு சொட்டும் வடியவில்லை. அவ்வளவு தண்ணீரும் பின்னால் மண்ணுக்குள்ளேதான் நின்று சுவரை எங்கள் பக்கம் தள்ளுகிறது. ஜன்னலோரக் கட்டிலில் அறைத்தோழி பிரியா தூங்குகிறாள். எழுப்பப் போகிறேன்.