நான்கு பேர் போட்ட உப்பு

மன்னார்,
ரமழான் பிறை 16.

அன்பு மகன் றிஸ்லானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நோன்பும் தொழுகையுமாக நடமாடித் திரிகிறோம், அங்கே கட்டார் வெயிலில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்கிறேன். போன் இருக்க உம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனை எடுத்தால் வாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார், நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுச் சனூனின் மச்சான் நாளைக்கு டோஹாவுக்குப் பறக்கிறான், கருவாட்டுப் பொதிக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன். மணத்தைக் குறை நினைக்காதே.

சனிக்கிழமை உனக்கு அந்தப் புரொஜெக்ட் மனேஜ்மென்ட் சோதினை, இரண்டாம் தரம். முதல்தரம் மற்றதெல்லாம் சரிவந்து, மனிசரிடம் எப்படி வேலை வாங்குவது என்கிற பகுதியில்தான் விழுந்தேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாய், நானும் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. படித்ததை யாருக்காவது விளங்கப்படுத்தினால்தான் மண்டையில் நிற்கும் என்று நோன்புக்கு முந்தின மாதம் முழுக்கப் பின்னேரத்தில் போனில் வாப்பாவுக்குப் பாடம் எடுத்தாயே, உனக்கு நின்றதோ தெரியாது, வாப்பாவுக்கு நன்றாக நின்றுவிட்டது. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் அடுத்தவர் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்த மனிசர். இந்தமுறை பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். குரங்கின் கையில் பூமாலை என்று நான் சொல்லமாட்டேன், நோன்பு வாய்.

கலந்தர் காக்காவை உனக்குத் தெரியும், சின்னவனாக இருக்கையில் கஞ்சிக்குப் போய் அவரிடம் ஏச்சு வாங்காத நாளில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பானை அவருடையது. கிண்டுடா, கதையாதடா, விறகை இழுடா என்று நின்றபடியே இருப்பார், உப்புப் பையை அவரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. நீ வாப்பாவுக்குச் சொன்ன பாடத்தில் எக்ஸ் தியரி, வை தியரி என்று இரண்டு இருக்கிறதாமே. எக்ஸ்காரர் மனிசன் பிறவியிலேயே சோம்பேறி, தலையில் குட்டித்தான் வேலை வாங்கவேண்டும் என்று நினைப்பாராம், வைக்காரர் மனிசனுக்கு வேலையில் விருப்பமுண்டு, நம்பி விட்டால் தானாகவே செய்வான் என்று நினைப்பாராம். ஐந்தாம் நோன்பன்று எல்லார் முன்னாலும் வாப்பா, காக்கா நீங்க எக்ஸ், நாங்க இனி வையில போவம், பானைக்குத் தலைவர் தேவையில்ல, எல்லாரும் தாங்களாப் பாத்துச் செய்வாங்க என்று சொல்லியிருக்கிறார். காக்கா அகப்பையைக் கழுவிச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அதோடு விட்டாரா? காற்றும் கதிரையும் இல்லாவிட்டால் வேலையாட்களுக்கு மனக்குறை வரும், இருந்தாலும் அதனால் உற்சாகம் வராது என்று இன்னொரு பாடம் சொன்னாயாம். வாப்பா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நம் வீட்டு மின்விசிறியையும் இரண்டு கதிரையையும் தூக்கிக்கொண்டு போனார். விசிறி அடுப்புச் சாம்பலைக் கிளப்பிக் கஞ்சியில் தூவியது, கதிரையில் ஆட்கள் முறைவைத்துக் குந்தியிருந்தார்கள்.

அடுத்த நாள்தான் வினை. பானை இறக்கப் போகையில் காலையில் வாங்கின உப்புப் பை வெறுமையாகக் கிடப்பதை வாப்பா கண்டார். எவ்வளவு விழுந்ததென்று ருசி பார்க்க ஆள் வேண்டும், எல்லாருக்குமோ நோன்பு. நுனிநாக்கில் வைத்துத் துப்பலாம் என்று மௌலவி சொல்வார்தான், ஆனால் பசி முற்றின பின்னேரம், அசர் நேரத்தில் வாய்க்குள் போனதைத் துப்புவோமென்று நம் ஆட்களுக்குத் தங்கள் மேலேயே நம்பிக்கையில்லை. சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் பேரீச்சம்பழம் எங்கே என்கிறதுகள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிமுனையிலிருந்து மீன் விற்க வருகிற அமிர்தநாயகம் வந்தார். வாப்பா ஓடிப்போய் மறித்தால் அவர், கோவியாதேங்கோ, எங்களுக்குத் தவக்காலம், பெரிய வெள்ளி முடியும் மட்டும் இறைச்சி வாயில வைக்கமாட்டன் எண்டு நேத்தி வச்சிருக்கிறன் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். பின்னால் திருக்கேதீஸ்வரம் கோயிலுக்குப் போகிற பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்தார், இறைச்சிக் கஞ்சி என்றதும் மிதித்த மிதியில் செயின் கழன்றது. மன்னார்த் தீவு முழுக்க நாக்கு இருக்கிறது மகன், அந்தப் பானைக்கு ஒரு நாக்கு கிடைக்கவில்லை.

நோன்பு திறக்கப் பாங்கு கேட்டது, ஊரே ஒரு மிடறு குடித்தது, ஊரே தண்ணீர்ச் செம்பைத் தேடியது. விசாரித்தால், கஞ்சி கிண்டின சனூன் ஒருதரம் போட்டிருக்கிறான், விறகு பார்த்தவர் ஒருதரம், தேங்காய் பிழிந்தவர் ஒருதரம், ஒருவரும் போடவில்லைப் போல என்று நடுவில் வாப்பாவும் ஒருதரம். ஒருவரும் சோம்பல்படவில்லை, ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை, எல்லாரும் தாங்களாகவே பொறுப்பெடுத்துச் செய்தார்கள். உன் புத்தகம் சரிதான், கஞ்சிதான் பிழை. அதை ருசித்துக் குடித்தது நம் வீதிக் கழுதைகள் மட்டும்தான் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் பயத்தில் ஒருவருமே உப்புப் போடவில்லை.

வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது கலந்தர் காக்காதான். மனைவி மவுத்தான பிறகு அந்த மனிசருக்கு நோன்பு முப்பது நாள்தான் வருடம். எங்கட வாப்பா அசரானதும் அகப்பை பிடிக்கிற மாதிரிக் கை கழுவிட்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார் மாமி என்று அவருடைய மகள் ஹிதாயா வந்து அழுதாள். பசியும் தாகமும் தீர்ந்தால்தான் மனிசன் மேல்படிக்கு ஏறுவான் என்று ஒரு கோபுரம் கீறிக் காட்டினாயாமே. பசியோடும் தாகத்தோடும் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று ஊருக்குக் காய்ச்சின மனிசரை அதில் எந்தப் படியில் வைப்பாய்? போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, இல்லையென்றால் இந்த வீட்டில் கஞ்சிக் கதையே எடுக்காதேங்கோ என்று வாப்பாவைப் பிடித்து ஏசிவிட்டேன். இரண்டு நாள் எந்தத் தியரியால் பேசுவது என்று தாளில் எழுதிப் பாடமாக்கினார். அங்கே வாசலில் நின்றதும் எல்லாம் மறந்து, காக்கா, உப்பு, என்று மட்டும் சொன்னாராம். கலந்தர் காக்கா, வாறன், முதல்ல அந்தக் காத்தாடிய எடு என்றாராம்.

இப்போது பானை பழையபடி, ஏச்சும் பழையபடி, எல்லாரையும்விட வாப்பாவுக்குத்தான் கூட. அந்த ஏச்சுத் தாங்காமல் வாப்பா என்ன செய்தார் தெரியுமா, எல்லாம் றிஸ்லான் படிச்சுச் சொன்னது என்று உன் தலையில் போட்டுவிட்டார். நான் ஓடிப்போய், காக்கா, அவன் ஒருதரம் பெயிலான பிள்ளை, சனிக்கிழமை திரும்பச் சோதினை, மனம் நொந்து ஏதும் சொல்லிவிடாதேங்கோ என்று கெஞ்சினேன். அப்படித்தான் என் வாயாலேயே உன் இரகசியம் வெளியே போனது, மன்னித்துக்கொள். அவர் அகப்பையை நிறுத்தாமல், ஒருக்காப் பெயிலானா என்ன, நான் அகப்பை பிடிச்ச முதல் வருசம் நானும் உப்பக் கூட்டிப் போட்டனான், ஊர் ஒரு சொல் சொல்லாமக் குடிச்சது, சனிக்கிழமைக் கஞ்சி அவன்ர பேரில எண்டு எழுது என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த உப்புக் கஞ்சி நாளில், ருசி தெரியாமல் காக்காவின் பங்கை நம் தூக்குச்சட்டியில் அனுப்பியிருந்தேன். மறுநாள் கழுவித் துடைத்து வந்தது, கழுதைக்கு ஊற்றியிருப்பார் என்று நினைத்தேன். ஹிதாயாவைக் கேட்டேன். நாலு செம்புத் தண்ணியோட முழுக்கக் குடிச்சு முடிச்சவர் மாமி என்றாள்.

அல்லாஹ் உனக்கு நல்ல ஞாபகத்தையும் பொறுமையையும் தருவானாக, உன் கையால் ஆகும் காரியமெல்லாம் பறக்கத்தும் நிறைவுமாக இருக்கட்டும். சோதினையில் வை சரியென்று புத்தகம் சொன்னால் வையையே தெரிந்தெடு, நம் கஞ்சியை நினைத்துக் குழம்பாதே. விடியுமுன் சஹர் சாப்பிடாமல் சோதினைக்குப் போகாதே. முடிந்ததும் வாப்பாவுக்கு முந்தி கலந்தர் காக்காவுக்குப் போன் எடு. பெயிலானாலும் எடு.

உன் உம்மா,
சித்தி மரியம்