கணக்கில் சேர்ந்த கன்று

மதினி,

உங்களைக் கொன்றது நம் பேரூராட்சியின் பசுமை இலக்கு. இதயம் நின்றுபோனதாக அவர்கள் சொல்கிறார்கள். செத்த எல்லாருக்கும் இதயம் நின்றுதான் போகிறது.

இதை எழுதும்போது வாசலிலிருந்து ஈரச் செம்மண் வாசம் வருகிறது. கறுப்பு பாலித்தீன் பையில் ஒரு புங்கங்கன்று நிற்கிறது. அதன் கழுத்தில் உங்கள் பெயர் எழுதிய தகர அட்டை. உங்கள் நினைவாகப் பேரூராட்சி கொடுத்தது. எங்கே நடுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம் வரிசை வீட்டில் படியிறங்கினால் சாக்கடை ஓடும் வாறுகால், வாறுகாலைத் தாண்டினால் சிமென்ட் ரோடு.

சுந்தரபாண்டியத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வந்த வாரமே தெருவில் வைத்து, "என்ன கொழுந்தனாரே, பேண்டுக்குள்ள ஆளு இருக்கா, இல்ல பேண்டு மட்டும் தனியா நடந்து வருதா?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அந்தப் பேண்டை நான் பிறகு போடவே இல்லை.

பேண்டேஜ் துணித் தறியில் வேலை குறைந்ததும் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணிக்குப் போனீர்கள். காலையில் குப்பை வண்டி. அது முடிந்தால் கண்மாய்க் கரையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர். டேங்கர் லாரி முதலில் தெருக்களுக்குக் குடிதண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கரைக்கு வரும். வரும்போது உச்சி வெயில். ஓஸ் குழாய் எட்டாத கன்றுகளுக்கு நீங்கள் வாளியில் சுமந்தீர்கள். ஒவ்வொரு கன்றுக்கும் நீங்கள் தண்ணீர் ஊற்றுவதை மேஸ்திரி போட்டோ எடுப்பார். இடமும் நேரமும் பதிகிற போட்டோ. அது மேலே போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கன்று உயிரோடு இருப்பதாகக் கணக்கு.

பருவநிலை இலக்கு வைக்கப் போகிறோம், ஊர் மக்கள் எல்லாரும் வாருங்கள் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஏசி மண்டபம். உங்களைக் கூட்டிப்போக வந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, கையில் பேனாவோடு நின்றார். சோலார் விளக்கு என்றார் ஒருவர். எழுதினார். பேட்டரி வண்டி என்றார் இன்னொருவர். எழுதினார். கண்மாய்க் கரையில் நடைபாதை என்றார் பேரூராட்சித் தலைவர். அதைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"சார், பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்கள வெயில்ல நிறுத்தாதீக. செத்த நேரம் நெழல்ல ஒக்கார விடுங்க. கண்ணு இருட்டிட்டு வருது."

ஆலோசகர் கெட்டவர் இல்லை. கனிவாகத்தான் சொன்னார். "நல்ல கருத்துக்கா. ஆனா இலக்குன்னா எண்ண முடியணும், போட்டோல காட்ட முடியணும். நீங்க உக்காந்திருக்கிறதப் போட்டோ எடுத்து அனுப்புனா, மேல என்ன நினைப்பாங்க?"

மண்டபம் சிரித்தது.

"அப்ப என்னயவும் ஒரு கன்னுன்னு எழுதிக்கோங்க சார். கன்னு காஞ்சாத்தான ஒங்களுக்குக் கவல."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "ஏட்டி, ஒக்காரு. ஒனக்கு வாய் நீளம்" என்றார் தலைவர். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழுதாமலே பேனாவை மூடினார் ஆலோசகர். வாசலில் பனையோலைப் பெட்டியில் பால்கோவா கொடுத்தார்கள், பிளாஸ்டிக் ஒழிப்பாம். நீங்கள் ரெண்டு பெட்டி வாங்கினீர்கள். வண்டியில் ஏறியதும், "ஒண்ணு அண்ணனுக்கா மதினி?" என்று கேட்டேன். "அவருக்கு எதுக்கு? அவரா எந்திரிச்சு நின்னு அம்புட்டுப் பேர் முன்னால அசிங்கப்பட்டாரு?" என்று ரெண்டையும் நீங்களே தின்றீர்கள்.

ராஜபாளையம் மில்லில் என் வேலை உங்களுக்குத் தெரியும். காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று அங்கே நாளெல்லாம் ஈரக்காற்று விடுவார்கள். அதற்கென்று தனி இயந்திரம், அதைப் பார்க்கத் தனி ஆள். நூல் தாங்காது என்பது மில்லுக்குத் தெரிகிறது.

சித்திரையில் விழுந்தீர்கள். தலை சுற்றுகிறது என்று சொன்னீர்களாம். "இன்னும் நாலு கன்னுதாம்மா, போட்டோவ முடிச்சுட்டு ஒக்காரு" என்று மேஸ்திரி சொன்னாராம். உங்களோடு வேலை பார்த்த பெண்கள் துக்கம் கேட்க வந்தபோது துட்டி வீட்டில் சொன்னது இது. சேதி கேட்டு நான் ஓடி வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனபோது உங்கள் தலை என் மடியில் இருந்தது. உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. பாதி வழியில் மூச்சு போய்விட்டது. அந்த நாலு கன்றுகளுக்கும் சாயங்காலத்துக்குள் போட்டோ ஏறிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து இந்தப் புங்கங்கன்றோடு மேஸ்திரி வந்தார். நடு மத்தியானம். பையை வாசலில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"தம்பி, அண்ணனைச் செத்த நேரம் தண்ணி ஊத்துற மாதிரி நிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"மதினி பேர்ல ஒரு கன்னு. இந்த வருச இலக்குல சேருது. பெருமதான தம்பி."

அண்ணனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது, உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர் மக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றார். ஊற்றினார். படம் கலங்கிவிட்டது என்று மேஸ்திரி இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். அதற்கும் ஊற்றினார்.

படம் மேலே போகச் சிக்னல் இல்லை. மேஸ்திரி ரோட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிலைப்படியில் நிழலில் நின்றேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. "எனக்கும் மேல இருந்து பிரஷர் தம்பி" என்றார். கடைசியில், "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கன்னுக்கு ஊத்துன மக்குல மிச்சம் கெடக்கு. குடிங்க."

குடித்தார், மதினி. மண் ஒட்டிய மக்கை அண்ணாந்து குடித்தார். எனக்குப் பாவமாக இல்லை. நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே மோர் கரைத்திருப்பீர்கள். நீங்கள் இல்லை.

இன்று காலை அடுத்த வருட இலக்குக் கூட்டம். நைட் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு அப்படியே போனேன். அதே மண்டபம், அதே குளிர், அதே ஆலோசகர். மேடைத் துணியில் அச்சடித்த போட்டோவில் வாளியோடு நீங்கள். நீங்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை. தாளில் மேலே இந்த வருட வெற்றி: வைத்த கன்றுகள் எல்லாம் பிழைத்தனவாம். அந்தக் கணக்கில் நம் வாசலில் நிற்கும் கன்றும் இருக்கிறது. கேட்ட மாதிரியே உங்களைக் கன்றாக எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் துணிமணிகளை அண்ணன் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். நான் வைத்திருப்பது நீங்கள் எழுந்து நின்று சொன்ன அந்த வார்த்தையை. புதிதாக யார் என்ன சொல்கிறீர்கள் என்று ஆலோசகர் கேட்டதும் எழுந்தேன்.

"பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் யாரையும் வெயில்ல வேலைக்கு நிறுத்தக் கூடாது. இதுதான் இலக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் போனைப் பார்த்தார். ஆலோசகர் மேடைத் துணியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பேனா அவர் கையில் திறந்துதான் இருந்தது.

"எழுதுங்க சார்," என்றேன்.